மெல்பேர்னில் மச்சாளுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

1975 பங்குனியில் நானும் மனைவியும் சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு ரயிலேறினோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மனைவியின் தங்கைக்கு, அதாவது என் மச்சாளுக்கு, இடம் காட்டத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு இந்தப் பயணம்.

போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. மச்சாள் வெள்ளியில் மத்தியானம் ஒருநேரம் மரக்கறிச் சாப்பாடு மட்டும் சாப்பிடுவார். அது தவறினால் சனி காலைவரை தண்ணீர்தான். நேரமோ ஒரு மணியைத் தாண்டிவிட்டது.

ஸ்பென்சர் வீதி ஸ்டேஷனிலிருந்து லொன்ஸ்டேல் வீதிக் கிரேக்கச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு மைல் வரும். நடக்கலாம். முதல் கடையில் சலாட்டுக்குமேல் மீன் கிடந்தது. அடுத்ததில் அவரைக்காய்க்குள் எலும்பு. மூன்றாவது கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முழு ஆடு நெருப்புக்குமேல் கம்பியில் சுழன்றுகொண்டிருந்தது.

"மச்சாள், ஆடு உம்மைத்தான் வரச்சொல்லித் தலையாட்டுது."

"உங்களுக்கு எல்லாம் பகிடி அத்தான். எனக்குத் தலை சுத்துது."

உள்ளே போனோம்.

இந்தக் கடைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கேட்டால் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சட்டிகளைத் திறந்து காட்டுவார்கள். மச்சாள் குசினி வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நுழைந்தார். கறுப்புச் சட்டை போட்ட சமையல்காரி அந்தக் கால்களையே பார்த்தார்.

"இண்டைக்கு விரதம். இறைச்சி, மீன், முட்டை ஒண்டும் ஆகாது" என்று மனைவி இங்கிலீசில் சொன்னார்.

"நானும் விரதம்தான்! ஈஸ்டர் வரைக்கும்!" என்று அந்த அம்மா நெஞ்சில் கைவைத்தார். அடுப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சட்டியை இழுத்தார். கீரையும் சோறும் ஒலிவ் எண்ணெயில் வெந்து கிடந்தன.

"அக்கா, கரண்டி ஆட்டுக்குள்ள போட்டதோ எண்டு கேளும்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா ஏற்கெனவே புதுக் கரண்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். சட்டியை அப்படியே கோப்பையில் கவிழ்த்து, எலுமிச்சை பிழிந்து நீட்டினார்.

மச்சாள் வாங்கவில்லை. வெறுஞ்சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது இவவின்ர சாப்பாடெல்லோ அத்தான்?"

இன்னொரு கோப்பையை எடுத்துப் பாதியை அதில் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்த பிறகுதான் கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் குசினிக்குள்ளேயே சாப்பிட்டார்கள். நானும் மனைவியும் முன்பக்கம் போய் ஆட்டைக் கவனித்துக்கொண்டோம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேசைத்துணியைப் பார்த்துக் கடையைத் தெரிவுசெய்யாதீர்கள். மரக்கறிக்காரர் என்றால் ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் போய், குசினியில் இருப்பவர்கள் தங்களுக்கு என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். ஆனால் வாங்குவதற்கு முதல் சட்டிக்குள் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.