நான்காம் நம்பர் மிஷின்

யுத்த காலத்தில் சேலத்து நூல் மில் ஒன்றில் நான் டைம்கீப்பராக இருந்தேன். சங்கு ஊதியதும் வாசலை ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களுக்கு மஸ்டரில் ஆஜர் போடுவது என் வேலை. விபத்து ரிஜிஸ்தரும் என் மேஜையில்தான் இருந்தது. அதில் ஒரு வரி எழுதும்படி எனக்கு நேர்ந்ததே இல்லை. அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்த்து, எங்கள் மில்லைப் போல உண்டா என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன், மடையன்.

பக்கங்கள் வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் ஜன்னலடியில் கிடந்த ஒரு பெஞ்சு. அடிபட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால்தான் சென்னையிலிருந்த ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குக் காகிதம் போக வேண்டும். அதனால் எங்கள் மேனேஜர் அடிபட்டவர் வீட்டுக்கே மாட்டு வண்டி அனுப்பிவிடுவார். கட்டுப் போட்ட கையோடு வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் ஆஜர் போடுவேன். சாயங்காலம் வண்டி கொண்டுபோய் விட்டுவிடும். வேலை செய்யாமலே கூலி. மேனேஜரைத் தர்மப்பிரபு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். நான் வாரம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி தின்றதைக்கூடச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். பெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் பெண்கள்தான் வேலை செய்தார்கள். அங்கே நான்காம் நம்பர் மிஷினின் பல்சக்கரத்துக்கு மூடி இல்லை. பஞ்சுத் தூசியைத் துடைக்கப் போன ஒருத்தியின் வலது கையில் இரண்டு விரல்கள் அதில் நசுங்கின. மறுநாள் காலை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“ரொம்ப நோவுதா?” என்று கேட்டேன்.

“ஊட்டுல கெடந்தாலும் நோவத்தானுங்க சாமி போவுது. இங்க பெஞ்சுல குக்கீட்டிருந்தாக் கூலியாச்சும் வருமுங்க” என்று சிரித்தாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நான்காம் நாள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. கிட்டே போனால் நாற்றம். ஆறாம் நாள் பெஞ்சிலேயே சரிந்து விழுந்தாள். அதே வண்டியில் போட்டு நான்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். “முதல் நாளே கொண்டுவந்திருந்தால் விரலோடு போயிருக்குமே” என்றார் டாக்டர். அந்த முதல் நாளுக்கு நான் ஆஜர் போட்டிருந்தேன்.

“வேலையை விட்டு நின்னுட்டாள்னு எழுது” என்றார் மேனேஜர். எழுதினேன். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுதியதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே மிஷினில் இன்னொருத்திக்கு விரல் நுனி போயிற்று. மறுநாள் வண்டி வந்து நின்றது. அவள் இறங்குவதற்குள் நான் எழுந்து வெளியே போய், “நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டு” என்று வண்டிக்காரனிடம் சொன்னேன். மஸ்டரில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டேன். அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே போட்டேன்.

காயம் ஆறி வந்தவள் ஜன்னலில் நின்று கத்தினாள். “நான் வண்டியேறி வந்தேனில்லீங்க? ஏனுங்க வரலீன்னு எழுதுனீங்க? எங்கூட்டு அடுப்புல உங்களுக்கென்னங்க பகை?”

அவள் கேட்டது சரிதான். அவள் கூலியை நான் கெடுத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஆனால் மூன்று நாள் வரவில்லை என்று மஸ்டரில் மையால் விழுந்த பிறகு மேனேஜருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அன்றே என்னைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார். சில வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். “எந்த மிஷின்?” என்று மட்டும் கேட்டு, அங்கே போய்க் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். உடனே ஃபிட்டர் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, நான்கு திருகாணி முடுக்கிப் பல்சக்கரத்தை மூடிவிட்டான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அடுத்த மாதம், கையை இழந்த அந்த முதல் பெண் வந்தாள். தனக்குப் பதிலாக மகளை ரீலிங்கில் சேர்க்க வந்திருந்தாள். மகளுக்குக் கொடுத்தது அதே நான்காம் நம்பர். கிடங்கிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தாய் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடது கையால் அந்தத் தகரத்தைத் தடவினாள். ஒரு கை அகலம்கூட இல்லை.

“இத்தனூண்டு தகரந்தானுங்களா சாமி?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆமாங்க” என்றேன். அதற்குள் அவள் மகள் மிஷினைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.