அப்பாவின் மேல்வரிசைப் பற்கள்

கிராம்புத் தைலத்தின் காரமும், அதற்கு அடங்காத சீழ் வாடையும் கலந்ததுதான் எனக்கு அப்பாவின் வாசனை. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவருக்கு நான் காலம் போன காலத்தில் பிறந்த கடைக்குட்டி. எழுபதுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடம் போன நாட்களிலேயே அவர் அறுபதைத் தொட்டிருந்தார், காலையில் அவர் வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாக ஓடும்.

"ஈறு புரையோடிடுச்சு, மேல்பல்லு ஆறையும் எடுத்துடணும்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் அப்பா எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு போய்விடும் என்று எங்கள் தெருவே நம்பிய காலம் அது.

"பல்லு போனா கூழு குடிச்சிக்கலாம். கண்ணு போனா வாட்ச்ச எப்படிடி பிரிப்பேன்?"

"வேணாங்க, கண்ணுதாங்க முக்கியம்" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு பல வருஷம் அந்த ஆடும் பற்களோடு அவர் மல்லுக்கட்டினார். கீழ்பென்னாத்தூர் மாமா கொண்டுவரும் "மல்லாட்டை"யை, அதாவது வேர்க்கடலையை, அவித்து நாங்கள் கொறிக்கும்போது, அம்மா நசுக்கித் தந்ததை அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து விழுங்குவார். கணக்குச் சொல்லித்தரக் குனிந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். மறுநாளிலிருந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் என்னிடம் பேசினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் கடிகாரத் திருகாணிகள் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கண் டாக்டர்தான் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார், ரொம்ப வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். கடையை மூடினோம்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். என் ஈறிலும் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது. வேங்கிக்கால் பக்கத்துப் பல் டாக்டரம்மா என் வாயைப் பார்த்ததுமே, "மொதல்ல சுகர் பாத்துடுங்கம்மா, சில பேருக்கு ஈறுலதான் முன்னாடியே தெரியும்" என்றார். அப்பாவின் ஈறு அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. கடைசியில், கண்ணுக்காக அவர் விட்டுவைத்த ஆறு பற்களும் வாயில் ஆடிக்கொண்டிருக்க, என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, "யாரு, சின்னவளா?" என்று கேட்டார்.