வாடகை வாய்

"விடை தெரியாத ஒரு கேள்விய இந்த வாய் கேட்டதும் இல்ல, இனிமே கேக்கப்போறதும் இல்ல!" என்று நதேத்தே என்ற ஊரில் ஒரு பெண்வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி அதிர முழங்கிவிட்டு, ஹெர்பர்ட் வலுசிம்பி தம் வெள்ளை அங்கியின் மேல் போட்டிருந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கைதட்டலுக்கு அவர் விடும் இடைவெளி அது. தட்டல் சீக்கிரம் ஓய்ந்துவிட்டால் கோட்டை இன்னொரு முறை இழுப்பார். புரிந்துகொண்டு மறுபடியும் தட்டுவார்கள்.

அன்று அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஊர் வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டுக்குப் போய்த் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நாளில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. அவருக்காகப் பேசக் கூலிக்கு ஒருவர் வேண்டும்; அதுதான் வலுசிம்பியின் தொழில். பெண்வீட்டுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். "யாருப்பா நீங்கல்லாம், பஸ்ஸ விட்டுட்டு வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று அவர் கேட்பார். "நீங்க வளக்குற ரோஜா வாசம் எங்க ஊர் வரைக்கும் வந்து தூக்கத்தக் கெடுக்குது, நஷ்டஈடு கேக்க வந்தோம்" என்று இவர் சொல்வார். எதிரெதிர்ப் பந்தலில் நின்று இருவரும் கிழித்துக்கொள்ளும் இந்த மகா யுத்தம், முந்தின வாரமே சுட்ட இறைச்சிக் கடை ஒன்றில் இரு வீரர்களும் எலும்பைக் கடித்தபடி பேசி முடித்ததுதான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், எங்கே கோபம், எங்கே மண்டியிடுவது எல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடும். ஆகவே விடை தெரியாமல் வலுசிம்பி கேள்வி கேட்க வேண்டிய சந்தர்ப்பத்தை உலகம் அவருக்குக் கொடுத்ததில்லை.

தொழில் மனிதனுக்குள் எவ்வளவு தூரம் இறங்கும் என்று ஆராய விரும்புகிறவர்கள் அவரோடு ஒரு காலைப்பொழுது நடந்து பார்க்கலாம். முட்டை சுருட்டிய சப்பாத்தி விற்கும் வண்டியில் தமக்கு வேண்டியதைச் சொன்ன கையோடு, பின்னால் நிற்கும் முன்பின் தெரியாதவருக்கும் சொல்லிவிடுவார்: "இவருக்கு ரெண்டு முட்டை. வெங்காயம் வேண்டாம், மனுஷன் ஆபீசுக்குப் போறார்." மருத்துவமனை வரிசையில் பக்கத்து நோயாளியின் வயிற்றுவலியை அந்த நோயாளிக்கே தெரியாத விவரங்களோடு டாக்டருக்கு விளக்குவார். ஒரு துக்க வீட்டில், காலமானவர் சார்பில் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார். காலமானவர் மறுக்கவில்லை.

எண்ணற்ற மாப்பிள்ளைகளைக் கரை சேர்த்த இந்தப் பெரிய மனிதர் தாம் மட்டும் இன்னும் கரையேறவில்லை. கேட்டால், "எனக்காகப் பேச என்னைவிட நல்ல வாய் ஒண்ணு கிடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். உண்மையான காரணத்தை ஒலிபெருக்கிக்காரர் கிசா ஊரெங்கும் சொல்லி வைத்திருக்கிறார்: "மாப்பிள்ளைன்னா பொழுதன்னிக்கும் பேசாம உக்காரணும். அண்ணன் அஞ்சாவது நிமிஷத்துல பெண்வீட்டுக்கும் சேத்துப் பேசி, பொண்ண வேற யாருக்காவது கட்டிவச்சிருவாரு."

கிசா வலுசிம்பியோடு எல்லாப் பந்தலுக்கும் போகிறவர். அண்ணனின் குரல் எந்த வார்த்தையில் உயரும் என்று தெரிந்து, அதற்கு ஒரு நொடி முன்னால் ஒலியைக் குறைக்கிற கலை அவருடையது. விருந்தினர்களின் காதுகள் பிழைத்திருப்பது அவரால்.

தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் யாரும் பெண் கேட்டுப் போவதில்லை. வலுசிம்பியின் வாய்க்கு வேலை இல்லை. முதல் வாரம் வீட்டுச் சேவலோடு பேசினார். சேவல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. இரண்டாம் வாரம் கிசா வந்து பார்த்தார்.

"அண்ணே, இப்பிடியே விட்டா உங்க வாய் வெடிச்சிரும். போன்ல ஒரு குழு இருக்கு, சேருங்க. எழுத்துலயே நாடகம். ஆளுக்கொரு வேஷம். ஏரிக்கரையில ஒரு படகுத்துறை, அதுல ஊர்க்காரங்க மாதிரி எழுதிக்கிட்டே போகணும். ஒருத்தர் நாலு வரி போடுவார், அதப் பாத்துட்டு அடுத்தவர் நாலு வரி."

"நீ அதுல என்ன வேஷம்?"

"நான் ஆடு."

"ஆடா?"

"ஆடுதான் அண்ணே. யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்ல. உங்ககூட இத்தன வருஷம் இருந்தவனுக்கு ஒரு ஓய்வு வேணாமா?"

குழுவின் தலைவர் ஒபோத், டொரோரோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்காரர். விதிகளைப் படிப்பதில் ருசி கண்டவர். புதியவர் முதல் சில நாள் எழுதாமல் படித்துப் பழக வேண்டும் என்பது முதல் விதி. அதை வலுசிம்பி படிக்கவில்லை. வேஷத்தின் பெயர், தொழில், குணம், பலவீனம் எழுதித் தர வேண்டும் என்பது இரண்டாவது. தந்தார். அரசரின் படைத்தலைவர், வயது இருபத்தெட்டு, சிங்கத்தை வெறுங்கையால் கொன்றவர். பலவீனம்: இல்லை.

ஒபோத், ஐயா என்பதற்கு அங்கே சொல்லும் 'செபோ'வோடு தொடங்கித் திருப்பி அனுப்பினார். "செபோ, இது மீன் நாத்தம் அடிக்கிற சின்னத் துறை. படைத்தலைவருக்கு இங்க வேலை இல்ல. உப்பு வியாபாரி இடம் காலியா இருக்கு. பலவீனம் கட்டாயம்."

உப்பு வியாபாரி கபுயே. பலவீனம்: அளவுக்கு மீறிய தாராள மனசு. மறுபடியும் திரும்பி வந்தது. வலுசிம்பி எரிச்சலில் வாய்க்கு வந்ததை எழுதினார்: இடது முழங்கால். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முதல் பதிவு திருவிழா ஊர்வலம்போல நீண்டிருந்தது. கபுயே துறைக்கு வந்தான். காற்று நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். சாப்பாட்டுக்கடை நடத்தும் துறைக்காரி ஓடிவந்து, பெரிய மீனாகப் பார்த்து இலவசமாகக் கொடுத்து, "உங்களுக்காகத்தானே காத்திருந்தோம்" என்றாள். ஆடுகூட, "வாங்க வாங்க" என்பதுபோலத் தலையாட்டியது.

வேஷத்துக்கு வெளியே சொந்தக் குரலில் பேச வேண்டுமானால் இரட்டை அடைப்புக்குறிக்குள் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று அடைப்புக்குறிகள் மழையாகப் பொழிந்தன.

((என் போலீஸ்காரர் முந்தாநாளே செத்துட்டார். எப்பிடி சல்யூட் அடிச்சார்?))

((அண்ணே, என் ஆடு தலையாட்டல. என் ஆட்டுக்குன்னு ஒரு மானம் இருக்கு.))

கடைசியாக, துறைக்காரியை எழுதுகிறவரிடமிருந்து ஒன்று: ((அவ ஓடி வரல. மீன் கொடுக்கல. காத்திருக்கவும் இல்ல. அவ வாய் என்கிட்ட இருக்கு செபோ. வேணும்னா நான் தொறப்பேன்.))

எழுதியவர் பெயர் நன்யோங்கா. மித்யானாவில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாடிக்கையாளர் வராத நேரத்தில் எழுதுகிறவர். அவரைப் பற்றி அதற்குமேல் குழுவில் யாருக்கும் தெரியாது.

ஒபோத் தீர்ப்பு வழங்கினார். அடுத்தவர் பாத்திரத்தின் வாய்க்குள் பேச்சைப் போடுவது இங்கே கொலைக்கு அடுத்த குற்றம். இன்னொரு முறை நடந்தால் குழுவை விட்டு வெளியே.

"இருவது வருஷமா மாப்பிள்ளைங்க வாய்க்குள்ள பேச்சப் போட்டுத்தான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன். ஒருத்தன் புகார் சொல்லியிருப்பானா?" என்று வலுசிம்பி கிசாவிடம் கொதித்தார்.

"அவனுங்களப் பேசவே விடலயே அண்ணே, புகார் எப்பிடிச் சொல்லுவானுங்க?"

அன்றே விலகியிருப்பார். விலகல் உரையைக்கூட எழுதத் தொடங்கிவிட்டார். கோட்டை இழுக்கும் இடங்கள் குறித்தாகிவிட்டது. அப்போது துறைக்காரியிடமிருந்து நாலு வரி வந்து விழுந்தது. துறைக்காரி உப்பு வியாபாரியை ஏற இறங்கப் பார்த்தாள். இடது முழங்காலை அவன் மடக்காமல் நிற்பதைக் கவனித்தாள். தாழ்வான முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

வலுசிம்பி அதைப் பலமுறை படித்தார். அவருடைய குரலை ஊரே கவனித்திருக்கிறது. முழங்காலைக் கவனிக்க ஓர் ஆள் வந்தது இதுதான் முதல் தடவை. அந்த முழங்காலில் எந்தக் கோளாறும் இல்லை என்பது வேறு விஷயம். அதையும் அவர் சீக்கிரமே சரிசெய்துவிட்டார். அந்த வாரத்திலிருந்து நதேத்தே சந்தையில் இடது காலை லேசாக இழுத்து நடக்க ஆரம்பித்தார். "என்ன ஆச்சு செபோ?" என்று வாழைக்காய்க்காரி கேட்டதற்கு, "ரொம்ப நாளா இருக்கு. உப்பு மூட்டை தூக்கினது" என்றார்.

எழுத்திலும் நடை குறைந்தது. நாலு வரி எழுதுவார், அதில் மூன்றை அழிப்பார். கபுயே முக்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். துறைக்காரி உப்பு வாங்கினாள். விலை அதிகம் என்றாள். மறுநாள் ஒரு வாழையிலையில் மதோக்கே என்னும் வேகவைத்த வாழைக்காயை வைத்துவிட்டு, "மீந்தது" என்றாள். மீந்ததா, மீத்ததா என்று வலுசிம்பி கிசாவோடு ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தார். ஆடு கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்தது. பந்தல்கள் முளைத்தன. வலுசிம்பிக்குப் பழைய வேலை திரும்பியது. அந்தச் சமயம் பார்த்து ஒபோத் கதையில் ஏரியைப் பெருகவிட்டார். துறை முழுகப்போகிறது, சனிக்கிழமை கடைசி ஓடம், யார் ஏறுவது, யார் கரையிலேயே மேட்டுக்கு நகர்ந்து புதுத் துறை கட்டுவது என்று அவரவர் முடிவு செய்ய வேண்டும். நன்யோங்கா அடைப்புக்குறிக்குள் எழுதினார்:

((கடைக்குக் கோழிக்குஞ்சுங்க வந்து எறங்கப்போகுது, எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. துறைக்காரி ஓடத்துல ஏறினா நானும் அதோட குழுவ விட்டுப் போயிர்றேன். ஏறுவாளா மாட்டாளான்னு எனக்கே இன்னும் தெரியல.))

வலுசிம்பிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, தொழிலில் தாம் கண்ட சிறந்த வழியைக் கையாண்டார். எதிர்த்தரப்போடு முன்கூட்டியே பேசி முடிப்பது. நன்யோங்காவை 'அம்மா' என்று மரியாதையாக விளித்துத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "ஞாபோ, சனிக்கிழமை கபுயே 'நீ ஏறப்போறியா?'ன்னு கேப்பான். துறைக்காரி கொஞ்ச நேரம் ஏரியப் பாத்துட்டு, 'இல்ல, இருக்கேன்'னு சொன்னா நல்லா இருக்கும். ஏரியப் பாக்குறது எவ்வளவு நேரம்கிறத உங்க விருப்பத்துக்கே விட்டுடறேன்."

பதில் வந்தது. "முன்னாடியே முடிவு பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்கு எழுதணும் செபோ? நீங்க கேளுங்க. என்ன சொல்றான்னு நானும் அப்பத்தான் தெரிஞ்சுக்குவேன்."

"இதென்ன கூத்து? பதில் தெரியாம எப்பிடிடா கேள்வி கேக்குறது?" என்று கிசாவின் சட்டையைப் பிடித்தார்.

"ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் அண்ணே கேக்குறாங்க" என்றார் கிசா.

சனிக்கிழமை இம்பிகியில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் கூடைகளோடும், வழக்கப்படி பெண்ணின் சகோதரனுக்குக் கொடுக்கும் சேவலோடும் உட்கார்ந்தாகிவிட்டது. பெண்வீட்டுப் பேச்சாளர் எதிர்ப் பந்தலில் தொண்டையைச் செருமினார். வலுசிம்பி ஒரு கையில் ஒலிவாங்கியும் இன்னொரு கையில் போனுமாக நின்றார். குழுவில் ஓடம் துறையை விட்டு நகரத் தயாராக இருந்தது. அவருடைய முறை.

பக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கிசா எட்டிப் பார்த்தார். வலுசிம்பியின் கட்டைவிரல் எழுதிக்கொண்டிருந்தது: "துறைக்காரி ஏரியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்து, இல்ல, இருக்கேன் என்று…"

அதை அனுப்பினால் ஒபோத் அடுத்த நொடி வெளியே தள்ளுவார்.

கட்டைவிரல் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. பிறகு எழுதியது: "கபுயே உப்பு மூட்டையைக் கீழே வைத்தான். 'நீ ஏறப்போறியா?' என்று கேட்டான்."

அனுப்பினார். திரையின் மேல் ஓரத்தில், நன்யோங்கா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மறைந்தது. மறுபடியும் தோன்றியது.

"என்ன செபோ!" என்று எதிர்ப் பந்தலில் இருந்து ஒலிபெருக்கி அலறியது. "யாருன்னு கேட்டோம், பேச்சையே காணோம்! நாக்க வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

பந்தல் முழுவதும் சிரித்தது. இப்படி ஒரு பந்தை வலுசிம்பி கீழே விழவிட்டதே இல்லை. அடுத்து வரப்போகும் முழக்கத்துக்காகக் கிசாவின் கை வழக்கம்போல ஒலியைக் குறைத்தது. ஒன்றும் வரவில்லை. அவர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். காற்றும் அண்ணனின் மூச்சும் மட்டும் கேட்டன.

கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் வலுசிம்பி இடது காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தார். போனை மடியில் வைத்தார். பிறகு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, கட்டைவிரலால் ஒலிவாங்கியின் விசையைத் தாமே அணைத்தார்.