வேறு யாரும் செய்யக்கூடாத மருந்து

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு வலக்கைக் கட்டைவிரல் உள்ளே மடங்கியது. மற்ற விரல்கள் அதன்மேல் குவிந்து இறுகின. கடைக்கார அக்கா பிரித்துவிடப் பார்த்தார். முடியவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கட்டி வந்த என் தைராய்டுச் சுரப்பியை முழுவதும் எடுத்திருந்தார்கள். அதன் பின்னால் அரிசிமணி போல நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் (இரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைப்பவை) இருக்கும். அறுவைச் சிகிச்சையில் அவையும் செயலிழந்துவிட்டன. கால்சியம் குறைந்ததால்தான் கை அப்படி இறுகியது. "சிலருக்கு அப்படி ஆகலாம்" என்றார்கள். அந்தச் சிலரில் நான் ஒருத்தி.

அன்றுமுதல் இரண்டு ஹார்மோன்கள் எனக்கு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. தைராக்ஸின் மாத்திரை பழையது. அதன்மேல் இன்று யாருக்கும் காப்புரிமை (குறிப்பிட்ட காலம்வரை ஒருவர் மட்டுமே தயாரிக்கச் சட்டம் தரும் உரிமை) இல்லை. ஒரு கம்பெனியின் பெட்டி தீர்ந்தால் மருந்தகத்தில் இன்னொன்றைத் தருவார்கள்.

பாராதைராய்டு ஹார்மோன் ஊசி அப்படியல்ல. உலகத்துக்கே ஒரு கம்பெனிதான். கால்சியம் மாத்திரைகளை விழுங்கி விழுங்கிச் சிறுநீரகத்தில் கல் சேர்ந்த பிறகு, டாக்டர் மாலதி சிறப்பு அனுமதி வாங்கி அதை வரவழைத்தார். ஊசி போடத் தொடங்கியதும் கை என் சொல் கேட்டது. சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் என் வேலைக்குத் திரும்பினேன். மாலையில் கணவர் செல்வத்துடன் பாசிர் ரிஸ் கடற்கரையில் நடந்தேன்.

பிறகு ஒருநாள் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"கம்பெனி இந்த மருந்த நிறுத்துறாங்க. எல்லா நாட்லயும்."

"வேற யாராச்சும் செய்ய மாட்டாங்களா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"செய்யத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பேட்டன்ட், அதான் காப்புரிமை, இவங்ககிட்ட இருக்கு. அது முடியுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"அவங்களும் செய்ய மாட்டாங்க, அடுத்தவங்களையும் விட மாட்டாங்களா?"

அவர் மேசையைப் பார்த்தார். "வேற கம்பெனி புதுசா ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. அதுக்கும் பேட்டன்ட் இருக்கு. இங்க எப்ப வரும்னு தெரியல."

வெளியே வந்ததும் செல்வம் வெடித்தார். "விக்க இஷ்டம் இல்லன்னா விட்டுத் தொலைய வேண்டியதுதானே லா!" தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசியைப் படிப்படியாகக் குறைத்தும், ஒருநாள் வேலையிடத்தில் குரல்வளை இறுகி மூச்சு நின்றது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், குளிர்பதனப் பெட்டிகளில் யாருக்கோ மருந்துகள் போய்க்கொண்டிருந்தன. தோழி ஆம்புலன்ஸுக்கு அழைத்ததால் பிழைத்தேன்.

இந்த நோயோடு இருப்பவர்களே, புதிய மருந்து ஒன்று தொடங்கும்போது பக்கவிளைவுகளை மட்டும் கேட்காதீர்கள். அதை எத்தனை பேர் தயாரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது மீண்டும் மாத்திரைகள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் இருப்பதுதான் என் காலம். நாற்பது வருடம் என் கழுத்து யாரையும் கேட்காமல் செய்துவந்த பொருள் இன்று இன்னொருவரின் உடைமை. காப்புரிமை முடியும் ஆண்டை டாக்டர் சொன்னார். என் சிறுநீரகம் அதுவரை தாங்குமா என்று நான் கேட்கவில்லை.