ஒரு வார்த்தை சொல்ல உடையார்கட்டுக்குப் போனேன்

இந்தப் பதிவைப் பெருமையாக எழுத வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். போகும் வழியில் பேருந்துக்குள் இருந்தபடியே முதல் வரியைக்கூட யோசித்து வைத்தேன். அந்த வரியை இப்போது நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வேலையில் இருக்கும் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். விடுதலையாகிப் போனவர்களை அவர்களுடைய ஊரிலே போய்ப் பார்க்கலாமா, எப்படிப் போவது என்று சிலர் கேட்டும் இருக்கிறீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஒரு சிறைச்சாலையில், பெண்கள் பகுதியின் தையல் வேலைத்தளத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எந்தச் சிறை என்பது வேண்டாம். ஆடைத் தொழிற்சாலைகளில் உள்ளது மாதிரியான மெசின்கள் அங்கே இருக்கின்றன. உள்ளே இருக்கும் காலத்தில் வேலை பழகி, வெளியே போனதும் ஒரு தொழிற்சாலையில் சேரலாம், இல்லையென்றால் சொந்தமாகத் தைத்துப் பிழைக்கலாம் என்பதுதான் திட்டம். பழக்குவது, துணி எடுப்பிப்பது, தைத்ததைச் சரிபார்த்து அனுப்புவது, மெசின் பழுதானால் திருத்துகிறவரிடம் மன்றாடுவது எல்லாம் என் தலையில்.

என்னிடம் பழகியவர்களில் ஒருவர் றெஜினா. சொந்தப் பெயர் அல்ல, நான் வைத்தது. முல்லைத்தீவுக் கரையோரம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, உடையார்கட்டில் வாழ்க்கைப்பட்டவர். கை அப்படி ஓடும். மற்றவர்கள் அழுது அழுது வைக்கும் சட்டைக் கொலரைக் கதைத்துக்கொண்டே வைத்து முடிப்பார். எதற்காக உள்ளே வந்தார் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவருடைய கதை. களவும் இல்லை, காசுக் கையாடலும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த வேலையின் கேவலம் உங்களுக்கு முழுதாக விளங்காது.

மாசி நடுவில் ஒருநாள் றெஜினா தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், இஞ்ச மாதர் சங்கத்தின்ர தையல் நிலையம் ஒண்டு இருக்கு. ஆறு மெசின். பொறுப்பா நிக்க ஒரு ஆளைத் தேடினம். தலைவி அக்கா என்னைத்தான் யோசிக்கிறா. ஆனா நான் முந்தி வேலை செய்த இடத்து ஆளோட ஒருக்காக் கதைக்க வேணுமாம். நீங்க வருவியளோ? ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

"எங்க வேலை செய்தனீர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறீர்?"

றெஜினா மெல்லச் சிரித்தார். "கொழும்புப் பக்கம் காமென்ற்ஸ் எண்டு. நீங்க என்ர சுப்பவைசர்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சுப்பவைசர்தானே, அதிலே என்ன பொய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை பேரைப் பழக்கி அனுப்புகிறோம், இப்படிக் கூப்பிட்டுச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வவுனியாவில் யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் ஏறினேன். பரந்தன் சந்தி ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே எடுத்தார்கள். கட்டணம் அடிக்கடி மாறும், கேட்டுக்கொண்டு ஏறுங்கள். காலையில் போகிறவர்கள் இடது பக்கம் இருங்கள். வலது பக்கம் இருந்தால் மாங்குளம் வருவதற்குள் வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும். பாட்டுச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் தப்ப முடியாது.

பரந்தனில் இறங்கி முல்லைத்தீவுப் பேருந்துக்கு மாற வேண்டும். அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஆனால் முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அறுவடைக் காலம். தர்மபுரம் தாண்டியதும் வீதியின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சாரதி அதன்மேல் ஏறாமல் வளைத்து வளைத்து ஓட்ட, நடத்துநர் வாசலில் தொங்கியபடி நெல் காய விட்டவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தார். என்னிடம், "உடையார்கட்டில சந்தியிலயோ, பள்ளிக்கூடத்தடியிலயோ?" என்றார். "சந்தியில" என்றேன். "ஆரும் சொந்தக்காரரோ?" என்றார். "என்னட்ட வேலை பழகின பிள்ளை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

றெஜினா சந்திக்கே சைக்கிளில் வந்து காத்து நின்றார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. வீட்டின் முன்னறைதான் தையல் அறை. ஒரு மெசின், வெட்டும் மேசை, அரைகுறையாய் நிற்கும் பள்ளிக்கூடச் சட்டைகள். சுவரில் ஒரு பலகை. அதில் கத்தரிக்கோல்களைத் தொங்கவிட ஆணி அடித்து, ஒவ்வொன்றின் வடிவத்தையும் பேனையால் கீறியிருந்தார். எங்கள் வேலைத்தளத்திலும் இதே மாதிரித்தான். ஒன்று குறைந்தால் வெறும் கீறல் கண்ணில் அடிக்கும் என்பதற்காக நான் போட்ட ஏற்பாடு அது.

பத்து மணியளவில் சங்கத் தலைவி ஸ்கூட்டியில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நிதானமான பேச்சு. தொழிற்சாலையில் றெஜினா எந்தப் பகுதி, எத்தனை மெசின் தெரியும் என்று கேட்டார். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனபடியால் வாய் கூசாமல் பதில் சொன்னேன். றெஜினா தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

என் கண் சும்மா இருக்கவில்லை. பலகையில் நான்கு கீறல், மூன்று கத்தரிக்கோல். வருடக்கணக்காக நாளுக்கு இரண்டு முறை பார்த்துப் பார்த்துப் பழகிய கண். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"நாலில மூண்டுதான் நிக்குது. மற்றது எங்க?"

வேலைத்தளத்தில் கேட்கும் அதே குரல். றெஜினா துள்ளி எழும்பினார். சுவரோரம் போய் நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, தலையைக் குனிந்துகொண்டார். உடம்பைத் தடவிச் சோதிக்கும்போது எங்கள் இடத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும். அடுத்த கணமே எங்கே நிற்கிறோம் என்று விளங்கிக் கைகளைக் கீழே போட்டார். முகம் செத்துப்போயிருந்தது. காணாத கத்தரிக்கோல் மேசையில் துணிக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து ஆணியில் மாட்டினார். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

தலைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காமென்ற்ஸிலயும் இப்பிடிக் கையை விரிக்க வேணுமோ?" என்றார். "நாங்களும் விரிச்சு நிண்டனாங்கள்தானே, சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க. இது எங்க பழகிறது எண்டு எங்களுக்குத் தெரியாதே?"

குரலில் கோபம் இல்லை. பிஸ்கட் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இந்த முறை நெல் விலை போகிற போக்கைப் பற்றிக் கதைத்தார். றெஜினா அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கிளம்பியபோது, சந்திவரை வருகிறேன் என்று தலைவி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு கூட நடந்தார். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று கேட்டார்.

"மிஸ், அவா என்னத்துக்கு அங்க போனவா எண்டு நான் கேக்க மாட்டன். அது எனக்குத் தேவையில்லை. நிலையத்தின்ர சாவி அவான்ர கையிலதான் இருக்கும். மெசின், துணி, எல்லாம் உள்ளுக்க. நீங்க வைச்சுப் பழக்கின ஆள். சொல்லுங்கோ, சாவியைக் குடுக்கலாமோ?"

இதற்குத்தானே வவுனியாவிலிருந்து வந்தேன்! ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு வாய் வரவில்லை. றெஜினாமீது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் இத்தனை காலத்தில் என்னிடம் பழகிய ஒருவர் கையிலும் நான் எந்தச் சாவியும் கொடுத்ததில்லை. ஊசிப் பெட்டியின் சாவிகூட என் இடுப்பில்தான் கிடக்கும். மெசின் ஓட்டப் பழக்கினேன், தைக்கப் பழக்கினேன். நம்புகிற பழக்கம் எனக்கே இல்லை. நாளைக்கு ஒன்று நடந்தால் என் பேர் அல்லவா வரும் என்று ஓர் ஓரத்தில் ஓடியதையும் மறைக்க மாட்டேன். பேருந்து வருகிறதா என்று பார்ப்பவள்போல வீதியைப் பார்த்தேன்.

"குடுங்கோ, நல்ல பிள்ளை" என்றேன் கடைசியில்.

"இப்ப சொல்லுறியள். முதல் யோசிச்சனீங்கள்தானே, மிஸ்."

"இல்லை, பொறுப்பான விசயம் எண்டபடியா..." என்று எதையோ உளறினேன். பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் அடுத்தது வரும் என்று எனக்குத் தெரியும். நின்று ஒழுங்காகக் கதைத்திருக்கலாம், திரும்பிப் போய் றெஜினாவிடம் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். ஏறி, பின் இருக்கையில் ஒடுங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொல்கிறேன். திணைக்கள வாகனத்தில் போகாதீர்கள், வாசலில் அது நின்றாலே போதும், அயலட்டை கதை கட்டிவிடும். சீருடைச் சப்பாத்துக்கூட வேண்டாம். அவர்கள் ஊருக்கு ஒரு கதை சொல்லி வைத்திருந்தால் அதைக் கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். போன இடத்தில் எதையும் எண்ணாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் குடையும் கொண்டுபோங்கள். பின்னேரம் மூன்றுக்கு முன்னர் பரந்தனுக்குத் திரும்பினால் வவுனியாவுக்கு இருந்து போக இடம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் முதல், பார்க்கப் போகிறவரிடம் உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா என்று புறப்படும்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தடுமாறினால் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம், றெஜினா அழைத்தார். எடுக்கவே பயமாக இருந்தது.

"மிஸ், சாவியைத் தந்திட்டா!" என்று கத்தினார். "நான் எல்லாம் போச்செண்டு இருந்தனான். தலைவி அக்கா சொன்னவா, கேட்ட உடனை நீங்க ஓம் எண்டு சொன்னனீங்களாம். ஒரு துளியும் யோசிக்கேல்லையாம். அதை நம்பித்தான் தாறன் எண்டு சொல்லித் தந்தவா. உங்களாலதான் மிஸ். என்னை அவ்வளவு நம்பினனீங்களே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"ஓம்" என்றேன். இந்த முறை யோசிக்காமலே வந்தது.