மலையேறி வந்த பொற்காசு

மலைமேலுள்ள நாகலூர் நல்லம்மாளுக்கு நான் விற்றனுப்பிய புளியங்கொட்டையளவுப் பொற்காசு தூதஞ்சலில் (கூரியரில்) தொலைந்தது. கிழிந்த உறை மட்டுமே சேர்ந்தது. மேடைகளில் நியாயம் பேசும் என் நேர்மையே ஐயத்திற்குள்ளாகி நிற்க, இன்று அவர் வீட்டிற்கே சென்றேன்.

"ஏனுங்க, வெறுங்கவர அனுப்பீட்டு மேடையில மட்டும் நியாயம் பேசறீங்களா?" என்றார்.

அவர் வரவழைத்திருந்த தூதஞ்சல் வண்டி ஓட்டுநர், "வண்டி பூரா தேடிட்டேனுங்க" என்று கைவிரித்துப் புறப்பட்டார். சக்கரத்தில் 'டக் டக்' என்றோர் ஒலி. கல் சிக்கியதென்று இறங்கி, திருப்புளியால் டயரின் பள்ளத்தைக் கிளறினார்.

மின்னி விழுந்தது காசு!

அடிவாரத்தில் மூட்டை மாற்றுகையில் விழுந்து, சக்கரத்தில் சிக்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் சுழன்று, உரியவர் வாசலிலேயே உதிர்ந்திருக்கிறது.

அம்மையாரோ, "நொம்ப தேஞ்சிருக்குதுங்களே, வெலையக் கொறைங்க!" என்கிறார்.

தேய்மானத்தை யார் ஏற்பது? தீர்ப்புரையுங்கள், தோழர்களே!