இலவச சுண்டலுக்கு மூணு ஸ்டார்

பெங்கால்ல பெஹாலாங்கற ஏரியால இருக்கற நம்ம மளிகைக் கடைக்கு வர்றவங்களுக்கு, நவராத்திரி முடியற வரைக்கும் சாயங்காலம் ஒரு தொன்னை சுண்டல் இலவசம். வருஷம் பூரா நம்மகிட்டயே வாங்கறாங்களே, அதுக்கு ஒரு நன்றி.

இன்னிக்குக் காலைல ஆன்லைன்ல பார்த்தா, கடைக்கு மூணு ஸ்டார்!

"சுண்டலில் தேங்காய் போதவில்லை."

எழுதினது பக்கத்து ஃபிளாட் பெங்காலி அம்மா. நேத்து ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவங்க.

சாயங்காலம் திரும்ப வந்தாங்க. நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிக் கிடக்கு. இங்க அண்ணியை 'பௌதி'ம்பாங்க; அப்படியே கூப்பிட்டுக் கேட்டே விட்டேன். "ஏன் பௌதி இப்படிப் போட்டீங்க?"

"அஞ்சு குடுத்தா உங்களுக்கு அலட்சியம் வந்துடும், அண்ணா."

இன்னும் ஒரு மூடி தேங்காயைத் துருவிப் போட்டுக் குடுத்தேன்.

நின்னு நிதானமாச் சாப்பிட்டாங்க. "தேங்காய் சரியா இருக்கு. உப்புதான் கம்மி."

நீங்களே சொல்லுங்க. நாளைக்கு உப்பைக் கூட்டவா, கடையைச் சாத்தவா?